கன்னப்பைத் தீர்மானம்

மழை ஓயாத ஒரு சோலைக்காட்டில் மந்திக்கூட்டம் ஒன்று இருந்தது. உடம்பெல்லாம் கறுப்பு, முகத்தைச் சுற்றி வெள்ளிநிறப் பிடரிமயிர், வால்நுனியில் ஒரு குஞ்சம். ஆணென்றும் பெண்ணென்றும் பாராமல் எல்லாருக்கும் அந்தப் பிடரியைக் கொடுத்திருந்தது இயற்கை. பாவம், தலைவரிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை அதற்கு.

ஒருநாள் சாலையோரம் யாரோ எறிந்த பிஸ்கட் உறை தலைவர் பிடரியார் கையில் சிக்கியது. அதில் ஓர் ஆண் சிங்கம், பக்கத்தில் ஒரு பெண் சிங்கம். பிஸ்கட் தீர்ந்திருந்தது, ஞானம் மட்டும் மிச்சமிருந்தது.

உடனே சபை கூடியது. சபை கூடும்போதெல்லாம் தலைவர் எல்லாருக்கும் காட்டு மரமான வெடிப்பலாவின் கொட்டைகளை அள்ளி வழங்குவார். அவரவர் இரண்டு கன்னப்பைகளிலும் திணித்துக்கொள்ள வேண்டும். கூட்டம் முடியும்வரை மெல்லக்கூடாது, அது மரபு. வாயைத் திறந்தால் கொட்டை கீழே போய்விடும். பேச வேண்டியிருப்பதால் தலைவர் மட்டும் கன்னத்தைக் காலியாக வைத்திருப்பார். எப்பேர்ப்பட்ட தியாகம்!

"பிடரி இருக்கிறது, வாலில் குஞ்சமும் இருக்கிறது. நாம் சிங்க வம்சம். சிங்கத்தில் பெண்ணுக்குப் பிடரி கிடையாது. ஆகவே நம் பெண்கள் நாளைக்குள் பிடரியைப் பிடுங்கிவிட வேண்டும். ஆட்சேபம் உள்ளவர்கள் தாராளமாகப் பேசலாம்" என்றார்.

உப்பிய முகங்கள் அசையவில்லை.

குழலி தன் மடியில் கிடந்த பெண்குட்டியைப் பார்த்தாள். அதற்கு இன்னும் பிடரியே முளைக்கவில்லை. முளைக்கும்முன்பே பிடுங்கத் தேதி குறித்தாயிற்று!

பக்கத்துக் கிளையிலிருந்து பூவந்தி அத்தை, 'சும்மா இருடி' என்று கண்ணாலேயே அதட்டினாள். அத்தைக்குக் கன்னம் பெரிசு, வாயைத் திறந்தால் நஷ்டமும் பெரிசு.

குழலி துப்பினாள். டொக், டொக். சபை முழுக்கப் பதறிப்போய்க் குனிந்து பார்த்தது, கொட்டையை.

"தலைவரே, ஒரு சந்தேகம். சிங்கம் எங்கே இருக்கும்?"

"தரையில். கம்பீரமாக."

"அப்புறம் நீங்க ஏன் உச்சிக்கிளையில உட்கார்ந்திருக்கீங்க? இறங்குங்க. கீழே சிறுத்தை வந்துபோகுது. உங்க சொந்தக்காரர்தானே, குசலம் விசாரிச்சிட்டு வாங்க."

"அதிகப்பிரசங்கி! உன்னை யார் பேசச் சொன்னது?"

"நீங்கதான். தாராளமா பேசச் சொன்னீங்க."

அத்தைக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிப் பார்த்தாள். சிரிப்புக்கு மரபெல்லாம் தெரியுமா? கொட்டைகள் மொத்தமும் சிதறின.

வாய் காலியானதும் அத்தைக்கே ஓர் ஆச்சரியம், உள்ளே இத்தனை பேச்சு இருந்திருக்கிறதே என்று.

"போனது போச்சு, கேட்டுடறேன். பிடரியைப் பிடுங்கினா எனக்கு வலிக்கும். உனக்கென்னய்யா வந்துச்சு?"

எதிர்க்கிளையில் இன்னொருத்தி துப்பினாள். அப்புறம் ஓர் ஆண் துப்பினான். பிறகு மரத்தடியில் கொட்டைமழைதான். சத்தம் கேட்டு வந்த காட்டுப்பன்றிகளுக்கு அன்று விருந்து.

ஆளாளுக்குப் பேசினார்கள். அந்த இரைச்சலில் ஒருவர் மட்டும் வாயே திறக்கவில்லை. இத்தனைக்கும் அவர் கன்னத்தில் ஒரு கொட்டைகூட இல்லை.