ஆள்காட்டி காட்டாத இடம்

அந்தக் காலத்தில், பறப்பதும் ஊர்வதும் மனிதரைப் போலவே வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த போது, தேரிமுனை என்று ஒரு கடலோரச் சிற்றூர் இருந்தது. ஊர் சிறிசு, பேர் பெரிசு. எந்த ராசா கட்டினான் என்று எந்த ராசாவுக்கும் தெரியாத ஒரு கோட்டைச் சுவர், பாதி கரையிலும் பாதி தண்ணீரிலுமாக நின்றது. அலை தொடும் இடத்துக்குப் பத்தடி தள்ளி ஒரு கிணறு. அதில் இளநீர் மாதிரித் தண்ணீர். வடக்கே செக்கச் சிவந்த மணல் தேரி. தெற்கே, முத்துக் குளித்தவர்கள் முன்னொரு காலத்தில் கொட்டிவிட்டுப் போன சிப்பி ஓடுகள் மேடு மேடாகக் கிடந்தன. இதையெல்லாம் பார்க்கக் கூழைக்கடா குடும்பத்தோடு வந்தது. பூநாரைகள் கூட்டமாக வந்தன. காட்டுப்பன்றிகூட ஒரு முறை குளித்துவிட்டு வந்தது.

வந்தவர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டும் வேலை உச்சிமாகாளி என்ற ஆள்காட்டிக் குருவிக்கு. நெட்டைக் கால், கண்ணுக்கு முன்னே சிவப்புச் சதை, எட்டு ஊருக்குக் கேட்கிற தொண்டை. யாரும் கூப்பிடாமலே முன்னால் போய் நிற்பாள்.

“வாங்க, வாங்க! வெயிலப் பாக்காதிய, இந்தா கிணறு வந்துட்டு. ஒரு வாய் குடிச்சுப் பாருங்க, அப்புறம் சொல்லுங்க!”

அவள் காட்டினால் பார்த்ததையே திரும்பவும் பார்க்கத் தோன்றும். அது அவளுக்கும் நன்றாகத் தெரியும். தன்னடக்கம் என்ற சரக்கு அவளிடம் என்றைக்கும் இருந்ததில்லை.

அந்த வேலைக்கு ஊர் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தது. காட்டுகிறவள் வந்தவரிடம் பொய் சொல்லக் கூடாது. தன் வாயால் புகழ்ந்த எதையும், கேட்டவருக்குக் காட்டாமல் அனுப்பக் கூடாது. தவறினால் அன்றைக்கே வேலை போய்விடும். உச்சிமாகாளிக்கு அது ஒரு கட்டுப்பாடாகவே தோன்றவில்லை. நல்ல சரக்கை வைத்திருப்பவள் எதற்குப் பொய் சொல்ல வேண்டும்?

அந்தப் பங்குனியில் அவள் சிப்பி மேட்டில் நாலு முட்டை இட்டாள். கூடு கட்ட அவளுக்கு ஏது நேரம்? வெறுந்தரையில் ஒரு குழி, அவ்வளவுதான். ஆனால் முட்டைகள் சாம்பலும் கறுப்புமாகப் புள்ளி போட்டு, சிப்பித் துண்டோடு துண்டாகக் கிடந்தன. மிதிக்கப் போகிறவனுக்குக்கூடத் தெரியாது. ஒரு நாள் கூழைக்கடா ஒன்று முட்டைக்கு முன்னால் நின்றுகொண்டு, “இங்க பாக்க என்ன இருக்கு?” என்று கேட்டது.

“குனிஞ்சு பாருங்க,” என்றாள் உச்சிமாகாளி.

குனிந்து பார்த்த கூழைக்கடாவுக்கு வாய் பிளந்தது. கூழைக்கடா வாய் பிளந்தால் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. உச்சிமாகாளிக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. மறுநாள் முதல் கோட்டை, கிணறு, தேரி, கடைசியாக முட்டை என்று வரிசையே மாறிவிட்டது. கண்ணுக்கு முன்னால் இருப்பது கண்ணுக்குத் தெரியாத அதிசயம் என்று வந்தவர்களிடமெல்லாம் முழங்கினாள்.

முட்டையை அடைகாத்துக்கொண்டிருந்த அவள் கணவன் சொரிமுத்துவுக்கு இது பிடிக்கவில்லை.

“ஏட்டி, கோட்டையக் காட்டு, கிணத்தக் காட்டு. பிள்ளையள ஏன் காட்டுத?”

“பாத்தா தேஞ்சா போயிரும்?” என்றாள் அவள். “ஊருல இருக்கதுலயே நல்லது நம்மகிட்ட இருக்கு. அத மூடி வைக்கவா?”

சொன்ன சொல் காற்றில் போயிற்று. மேற்கே பொத்தை என்ற பாறைக் குன்றுக் காட்டில் இருந்த ஓர் உடும்பின் காதில் விழுந்தது.

நாலாம் நாள் உடும்பு வந்து சேர்ந்தது. பேச்சில் அத்தனை பணிவு. உச்சிமாகாளி அதற்கும் கோட்டையைக் காட்டினாள். “நல்லா இருக்கு தங்கச்சி,” என்றது, சுவரைப் பார்க்காமலே. கிணற்றைக் காட்டினாள். “தாகம் இல்ல தங்கச்சி.” தேரியைக் காட்டினாள். உடும்பு கொட்டாவி விட்டது. இரட்டை நாக்கு வெளியே வந்து காற்றை நக்கிவிட்டு உள்ளே போயிற்று.

“அந்த முட்டைய எப்பக் காட்டுவ?”

அப்போதுதான் அவள் அதன் தாடையைப் பார்த்தாள். ஓரத்தில் மஞ்சளாக என்னவோ காய்ந்து ஒட்டியிருந்தது. வழியில் எந்தத் தாயின் வயிறு எரிந்ததோ!

உச்சிமாகாளிக்கு உறைத்தது. தன் வாயே தன் பிள்ளைகளைக் காட்டிக்கொடுத்துவிட்டது. சொரிமுத்து சொன்னபோது கேட்டிருக்கலாம். இப்போது நினைத்து என்ன செய்ய?

“என்ன தங்கச்சி, வாய் அடைச்சுப்போச்சு? புகழ்ந்ததக் காட்டணும்னு உங்க ஊருல வழக்கம் உண்டுல்லா?”

உடும்பு பிடித்தால் விடாது என்பது அவளுக்குத் தெரியும். காட்ட மாட்டேன் என்று சொன்னால் அது தானே தேடத் தொடங்கும். மோப்பம் பிடிக்கிற நாக்குக்குச் சிப்பி மேடு எம்மாத்திரம்? அவள் தலையைத் தூக்கினாள். இறகை ஒரு முறை உதறிக்கொண்டாள்.

“காட்டாம அனுப்புவனா அண்ணாச்சி? வாங்க!”

சொல்லிவிட்டுத் தெற்கே போகாமல் வடக்கே பறந்தாள். தேரியின் நடுவில் இறங்கி, வெறும் மணலில் வயிற்றைப் பதித்து, அடைகாப்பவளைப் போல உட்கார்ந்தாள். உடும்பு அவசரமாக ஓடி வந்தது. கிட்டத்தில் வந்ததும் எழுந்து இன்னும் அப்பால் பறந்தாள்.

“அங்க இல்ல அண்ணாச்சி, இந்தா, இங்க! இங்க!”

அங்கேயும் வெறும் மணல்தான். மறுபடியும் எழுந்தாள், மறுபடியும் உட்கார்ந்தாள், மறுபடியும் கத்தினாள். பிறந்ததிலிருந்து ஒரு பொய்கூடச் சொல்லாதவள் அன்று நடுப்பகலுக்குள் நாற்பது பொய் சொன்னாள். ஒவ்வொன்றையும், கோட்டையைக் காட்டுகிற அதே பெருமையோடு சொன்னாள். உடும்பு நம்பி நம்பி ஓடியது. கொதிக்கிற செம்மணலில் அதன் வயிறு வெந்தது. கடைசியில், கடல் சத்தமே கேட்காத ஒரு பனங்காட்டில் கொண்டுபோய் அதை விட்டுவிட்டு, அவள் உயர எழும்பினாள்.

“பொய்க்காரி!” என்று உடும்பு கத்திய கத்தல் தேரிமுனை வரைக்கும் கேட்டது. வெந்த வயிற்றோடு அந்த மணலை மறுபடி தாண்டி வர அதற்குத் துணிவில்லை.

ஊர் கூடிவிட்டது. ஊர்த் தலைமை கடல் ஆமையிடம் இருந்தது. பாவம், அதற்கே சங்கடம்தான். ஆனாலும் கேட்டது.

“வந்தவர்கிட்ட பொய் சொன்னியா மாகாளி?”

“சொன்னேன்.”

“தெரிஞ்சேவா?”

“தெரிஞ்சேதான். நாளைக்கு வந்தாலும் சொல்லுவேன். நீங்களே வந்து கேட்டாலும் சொல்லுவேன்.”

ஆமை துடுப்புக் காலால் மணலைக் கொஞ்சம் தோண்டி, மறுபடி மூடியது. அதுவும் மணலில் முட்டையிடுகிற சாதிதானே.

“கட்டுப்பாடு கட்டுப்பாடுதான்,” என்றது. “இனி ஊரைக் காட்டுத வேலை உனக்கு இல்ல.”

“வேலைதான போச்சு? தொண்டை எங்கிட்டதான இருக்கு!” என்றாள் உச்சிமாகாளி. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் வரிசையாக வந்து நின்ற பூநாரைகளை வேறொருவர் கிணற்றுக்குக் கூட்டிக்கொண்டு போனபோது, அவள் மனசு வலிக்கத்தான் செய்தது. சித்திரையில் நாலு முட்டையும் பொரிந்தன. பொரிந்த அன்றைக்கே நாலு குஞ்சும் சிப்பி மேட்டில் குடுகுடுவென்று ஓடின.

அன்று பிடித்த பிடிவாதத்தை ஆள்காட்டிக் குலம் இன்று வரை விடவில்லை. கரையிலோ வயலிலோ நீங்கள் காலடி வைத்ததும், யாரும் கூப்பிடாமலே முன்னால் வந்து கத்துகிறது. நாலடி ஓடுகிறது, உட்காருகிறது, எழுந்து இன்னும் நாலடி ஓடுகிறது. வா, இங்கே பார், இங்கே பார் என்று அது அவ்வளவு அடித்துச் சொல்லும் இடத்தில் ஒன்றுமே இருக்காது. அதன் பின்னால் போகாதீர்கள். நின்ற இடத்திலேயே நின்று, உங்கள் காலடியைப் பார்த்து மெல்லக் காலை எடுங்கள்.