பின்சீட்டில் உட்கார்ந்த ரேடியேட்டர்

கரட்டுப்பாளையத்து ஆட்களுக்கு மூளை இல்லை என்று சுற்றுவட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டு. அபாண்டம்! மூளை இருக்கிறது. பெட்டியைப் பிரிக்காமல் அப்படியே புதுசாக வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்த ஊர் அருணகிரிக்கு அன்றைக்குச் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. பெண், பக்கத்து ஊர்ப் பூங்கோதை. கல்யாணத்துக்கு முன்னால் நேரில் பார்த்துக்கொள்ளக் கூடாது என்பது பெண் வீட்டு வழக்கம். ஆளுக்கொரு போட்டோவோடு சரி. அந்தப் போட்டோவைப் பார்த்ததிலிருந்தே அருணகிரிக்குச் சோறு இறங்கவில்லை, பாவம்.

பெண்ணின் அப்பா சென்னியப்பனோ ஆளைப் பார்க்கிறவர் இல்லை, காரைப் பார்க்கிறவர். "மாப்பிள்ளைன்னா சொந்தக் கார்ல, பின்சீட்டுல, மாலையும் கழுத்துமா வரோணும். வேற எப்படி வந்தாலும் எங்க சனம் ஒத்துக்காது" என்று கறாராகச் சொல்லிவிட்டார். சொன்னதைச் செய்கிறவர் வேறு. இதற்கு முன்னால் மொபெட்டில் வந்த ஒரு மாப்பிள்ளைக்குத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

அருணகிரியிடம் கார் இருந்தது. அதன் ரேடியேட்டர்தான் ஒழுகிக்கொண்டிருந்தது. புது ரேடியேட்டர் வாங்கி வைத்தாயிற்று. மாட்ட வேண்டிய மெக்கானிக் குருநாதன், மச்சினன் குழந்தைக்குக் காது குத்து என்று கிளம்பிப் போய்விட்டார்.

"கவலைய விடுங்க மாப்பிள்ளை. நாங்க எதுக்கு இருக்கோம்?" என்றார்கள் அருணகிரியின் மூன்று அக்காள் புருஷன்மார். மூத்தவர் கிட்டுசாமி, இரண்டாமவர் செல்லமுத்து, இளையவர் ராக்கியப்பன். மூன்று பேருக்கும் ரேடியேட்டர் என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் தெரியாது என்பதும் தெரியாததால் தைரியமாக இருந்தார்கள்.

காது குத்துப் பந்தலிலிருந்து குருநாதன் போனில் கத்தினார். "மொதல்ல சூடு ஆறட்டும். புதுசையும் பழசையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க, ஒரு இம்மி வித்தியாசம் இருந்தாலும் மாட்டாதீங்க. கழட்டின வரிசைய மறந்துராதீங்க. தண்ணி ரொம்பின ரேடியேட்டர் இல்லாம வண்டிய ஒரு அடி நகர்த்தாதீங்க!"

மூன்று பேரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள். போனில் தலையாட்டினால் தெரியாது என்று அருணகிரி சொன்னதும், ஸ்பீக்கரில் போட்டு இன்னொரு தடவை ஆட்டினார்கள்.

வண்டி முந்தாநாளிலிருந்து நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஆனாலும் வெயிலில் நின்ற பானெட் சுட்டது. "சூடு ஆறலைங்க" என்றார் கிட்டுசாமி. கல்யாணப் பந்தலுக்கு வந்த ஃபேனைக் கொண்டுவந்து வண்டிக்கு முன்னால் வைத்தார்கள். நெற்றியில் ஈரத்துணி போட்டார்கள். வண்டிக்குத்தான். மேகம் வந்து வெயிலை மறைத்ததும், "பாத்தீங்களா, நம்ம வைத்தியம்!" என்று ஒருவரை ஒருவர் தட்டிக்கொடுத்துக்கொண்டார்கள்.

கழற்றுகிற வேலை அமர்க்களமாக நடந்தது. ராக்கியப்பன் பக்கத்தில் நின்று மனப்பாடம் செய்தார். "மூடி, தண்ணி, டியூபு, போல்ட்டு, ரேடியேட்டர்." பழையதை எடுத்துப் புதியதன் பக்கத்தில் வைத்தார்கள். நீளம் சரி. அகலம் சரி.

"பழசுல தண்ணிய ஊத்துங்க" என்றார் செல்லமுத்து. இடது மூலையில் சொட்டுச் சொட்டாக ஒழுகியது. புதியதில் ஊற்றினார்கள். ஒழுகவில்லை. கிட்டுசாமியின் முகம் இருண்டுபோனது.

"வித்தியாசம் இருக்குதே மாப்பிள்ளை!"

"இம்மி வித்தியாசமும் இருக்கக் கூடாதுன்னாரே" என்று அருணகிரி தலையில் கை வைத்துக்கொண்டான். "ஏமாத்திக் குடுத்துட்டானுங்களா மச்சான்?"

"கடைக்காரன் ஒழுகாததாப் பாத்துத் தலையில கட்டிட்டான். விடுங்க, நம்மகிட்ட டிரில் மிஷின் இருக்குது" என்றார் கிட்டுசாமி.

செல்லமுத்து புதியதன் இடது மூலையில் பக்குவமாக ஓட்டை போட்டார். ஒழுகியது. ஆனால் பழையதைவிடக் கொஞ்சம் வேகமாக ஒழுகியது. நெடுநேரம் யோசித்து, பழையதன் ஓட்டையையும் பெரிசாக்கினார்கள். இரண்டும் சேர்ந்தாற்போலச் சொட்டியதைப் பார்த்தபோது அருணகிரிக்குக் கண் கலங்கிவிட்டது. இனி பூங்கோதை தனக்குத்தான்.

"மாட்டிரலாமுங்க. வரிசையச் சொல்லுங்க" என்றார் கிட்டுசாமி.

"மொதல்ல கழட்டினது மூடி" என்றார் ராக்கியப்பன்.

"அப்ப மொதல்ல மூடியத்தான் மாட்டோணும். எதுல மாட்டறது?"

"எதுலன்னு குருநாதன் சொல்லலீங்களே. எந்த இடத்துல இருந்துச்சோ அந்த இடத்துல."

ஆகவே அருணகிரி, ரேடியேட்டர் இருந்த குழிக்குள் இறங்கி நின்று, மூடியை அது இருந்த உயரத்தில் அந்தரத்தில் பிடித்துக்கொண்டான். "விட்டுராதீங்க மாப்பிள்ளை. விட்டா வரிசை கலைஞ்சுரும்" என்று மூன்று பேரும் எச்சரித்தார்கள். அடுத்தது தண்ணீர். குடம் குடமாக அவன் காலில் ஊற்றினார்கள். "ரொம்ப மாட்டேங்குதே!" என்றார் ஒருவர். "ஒழுகற வண்டிதானுங்களே" என்றார் இன்னொருவர். அப்புறம் டியூபை அவன் இடுப்பைச் சுற்றி மாட்டி, போல்ட்டுகளை வெறும் ஓட்டைகளில் இறுக்கினார்கள். கடைசியாக ரேடியேட்டரைத் தூக்கி வந்தால், அதன் இடத்தில் மாப்பிள்ளை நிற்கிறார்.

தெருமுனையில் மேளச் சத்தம் கேட்டது. அருணகிரி குழிக்குள்ளிருந்தே பதறினான். "மச்சான், நேரமாச்சு! பின்சீட்டுல மாலையோட ஆளு இல்லீன்னா அந்த மனுஷன் திருப்பி அனுப்பிருவாரு!"

"பதறாதீங்க" என்றார் கிட்டுசாமி. "பின்சீட்டுல மாலை இருக்கோணும்னு அவரு சொன்னாரு. ரொம்பின ரேடியேட்டர் வண்டியில இருக்கோணும்னு இவரு சொன்னாரு. ரெண்டு பேரு பேச்சையும் காப்பாத்திரலாம்."

புது ரேடியேட்டரில் விளிம்பு வரைக்கும் தண்ணீர் ஊற்றி, பின்சீட்டில் உட்காரவைத்து, பெல்ட் போட்டு, ரோஜா மாலையை அதற்குச் சூட்டினார்கள். மாப்பிள்ளை எஞ்சினோடு நிற்பதால் சூடாகக் கூடாது என்று ஸ்டார்ட் செய்யாமல் தள்ளிக்கொண்டே போனார்கள். வழி நெடுக மேளம் கொட்டியது. திறந்த பானெட்டுக்குள் அருணகிரி மூடியைத் தூக்கிப் பிடித்தபடி நனைந்த வேட்டியோடு மண்டபம் போய்ச் சேர்ந்தான்.

சென்னியப்பன் வாசலில் நின்றார். கார் வந்துவிட்டது. சொந்தக் கார். நேராகப் பின்கதவைத் திறந்தார், மாலையைப் பார்த்தார், முகம் மலர்ந்தது.

"வாங்க மாப்பிள்ளை, வாங்க! அடடா, இப்படி வேர்த்துக் கொட்டுதே! யாரப்பா அங்க, ஃபேனைப் போடுங்க!"

"மாமா! நான் இங்க இருக்கறனுங்க!" என்று பானெட்டிலிருந்து அலறினான் அருணகிரி.

"டிரைவர் தம்பி, கொஞ்சம் பொறு. மாப்பிள்ளை எறங்கட்டும்" என்றார் சென்னியப்பன்.

"மச்சான், நீங்களாச்சும் சொல்லுங்க!"

கிட்டுசாமி அவன் காதருகே வந்து குனிந்தார். "மாப்பிள்ளை, மூடிய மட்டும் விட்டுராதீங்க."

ஆரத்தி எடுத்தார்கள். குடை பிடித்தார்கள். செல்லமுத்தும் ராக்கியப்பனும் ஆளுக்கொரு பக்கம் தாங்கிக்கொள்ள, ரேடியேட்டர் சொட்டச் சொட்ட மணமேடை ஏறியது. அருணகிரிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் மூடியை அவன் விடவில்லை.

மேடையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த பூங்கோதை, வெட்கத்தோடு ஓரக்கண்ணால் பக்கத்தில் பார்த்தாள். பிறகு தோழியின் காதில் கிசுகிசுத்தாள்.

"போட்டோவுல பாத்ததுக்கு இப்ப ரொம்ப எளைச்சுட்டாருடி. கல்யாண அலைச்சல்ல சரியாச் சாப்பிட்டிருக்க மாட்டாரு, பாவம்."