கஞ்சித்தொட்டியில் ஒரு வாழ்த்து

மழை மறுபடியும் பொய்த்தது. மடத்து வாசலில் கஞ்சித்தொட்டி திறந்திருந்தார் தாண்டவ அடிகள். அரிசி தீரும் நிலை வந்ததும், அக்கம்பக்கத்து ஊர்களில் கேட்டுப் பார்க்கக் கிளம்பினார். தொட்டியைச் சீடன் சிவநேசனிடம் விட்டுப் போனார். சிவநேசனுக்குப் பாதித் தலை நரைத்திருந்தது. சாத்திரமெல்லாம் மனப்பாடம்.

அடிகள் இல்லாதபோது மிராசுதார் வைரவநாதரின் வண்டிகள் அரிசி மூட்டைகளோடு வந்து நின்றன. கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. கஞ்சி வாங்கும் ஒவ்வொருவரும் "வைரவநாதர் வாழ்க" என்று உரக்கச் சொல்ல வேண்டும். அதன் பிறகே அகப்பை சாய வேண்டும். மிராசுதாரின் காரியக்காரர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வார்.

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் வைரவநாதரின் நிலத்தில் உழுதவர்கள். அவர்களுடைய விதைநெல்லைக்கூட விடாமல் களத்திலிருந்து வாரிப்போனவர் அவர். சிவநேசன் வண்டிகளைத் திருப்பி அனுப்பினான். இது உங்களிடம் திருடிய நெல், இதற்கு வாழ்த்து வேறா என்று வரிசை முழுவதும் கேட்கப் பேசினான். பேச்சு நன்றாகவே இருந்தது. சிலர் கையெடுத்துக் கும்பிட்டார்கள். பிறகு வெறும் சட்டிகளோடு கலைந்து போனார்கள்.

அடிகள் ஒன்றும் கிடைக்காமல் திரும்புவதற்குள், உழவுக்காரி பேச்சியின் மகள் பட்டினியில் செத்திருந்தாள்.

குழந்தையைப் புதைக்கும்வரை அடிகள் கூட இருந்தார். பிறகு நேராக மிராசுதார் வீட்டுக்கு நடந்தார். வாசல் வெயிலில் வெகுநேரம் நிற்க வைத்தார்கள்.

"உங்கள் சீடர் செய்த பிரசங்கத்தில் யாருக்கும் வயிறு நிறையவில்லையோ?" என்றார் வைரவநாதர்.

"நிறையவில்லை" என்றார் அடிகள்.

பசித்தவர்களுக்குக் கத்தத் தெம்பில்லை, அவர்கள் எல்லோருக்குமாக நானே வாழ்த்துச் சொல்லிவிடுகிறேன் என்று கேட்டுக்கொண்டார். மடத்துச் சாமியார் வாயால் வாழ்த்து என்றதும் மிராசுதாருக்கு வாயெல்லாம் பல்.

மறுநாள் அடிகள் தொட்டியருகே நின்றார். ஒவ்வொரு அகப்பைக்கும் "வைரவநாதர் வாழ்க" என்றார். சத்தம் போதாது என்று காரியக்காரர் சொன்னபோது இன்னும் உரக்கச் சொன்னார். வரிசை பேசாமல் நகர்ந்தது. பேச்சியும் வந்து சட்டியை நீட்டினாள். அவள் முகத்தைப் பார்க்காமல் அவளுக்கும் சொன்னார்.

தொட்டியைக் கழுவிக் கவிழ்த்த பிறகு சிவநேசன் வந்தான். அன்று அவன் கஞ்சியைத் தொடவில்லை.

"அந்தப் பெயரை நீங்கள் சொல்லியிருக்கக் கூடாது, சுவாமி. அவன் திருடன்."

"திருடன்தான்." அடிகளுக்குத் தொண்டை கட்டியிருந்தது.

"தெரிந்தே பொய் சொன்னீர்களா?"

"பொய் என் வாயோடு போயிற்று. கஞ்சி அவர்கள் வாய்க்குப் போயிற்று."

"அப்படியானால் நியாயம்? அதை யார் கேட்பது?"

"மழை பெய்யட்டும். எல்லோரும் அவன் களத்துக்குப் போய்க் கேட்போம். நீயே முன்னால் நின்று பேசு. உனக்குப் பேச்சு வரும்."

சிவநேசன் நிமிர்ந்தான்.

"உன் பின்னால் நிற்க ஆள் வேண்டும்" என்றார் அடிகள். "பேச்சியின் மகள் வரமாட்டாள். மிச்சப்பேரை உயிரோடு வைத்திருக்கப் பார்க்கிறேன்."