அறுநூற்றுப் பன்னிரண்டாவது சோதனை

“நாலு தடவை திருப்பி அனுப்பிட்டிய மேடம். இப்பப் பாருங்க, எல்லாம் பச்சை. ஒரு சோதனைகூடத் தோக்கல.”

சிகாமணி மடிக்கணினியை நஸீமா பக்கம் திருப்பினார்.

அவர் ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர், வயது அறுபது. நஸீமாவுக்கு முப்பத்தொன்று. தனக்குக் கணினி வேலை கற்றுத்தருபவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்று மகள் வயதுப் பெண்ணை மேடம் ஆக்கியிருந்தார். வேண்டாம் என்று நஸீமா சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார்.

திரையில் இருந்தது யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தக்கூடிய ஒரு கட்டற்ற மென்பொருள். மூளையின் நியூரான்கள் ஆயிரக்கணக்கில் வலையாகச் சேர்ந்து துடிப்பதைக் கணினியில் அப்படியே ஓட்டிக் காட்டும். எழுதியவர் யாரோ. எவரும் ஒரே கட்டளையில் நிறுவிக்கொள்ளும்படி அதைத் தொகுப்பது சிகாமணியின் வேலை. தொகுப்பைச் சரிபார்த்து மென்பொருள்களின் பொதுக் களஞ்சியத்தில் ஏற்றுவது நஸீமாவின் வேலை.

அன்று வெள்ளிக்கிழமை. மாலை ஐந்துக்குப் புதிய தொகுப்புகள் வராதபடி களஞ்சியத்தை மூடிவிடுவார்கள். அடுத்துத் திறக்க இரண்டு வருடம்.

சிகாமணியின் பழைய மாணவி பிலோமினா வலிப்பு நோயைப் பற்றி ஆராய்கிறாள். களஞ்சியத்தில் இல்லாத எதையும் அவள் ஆய்வகத்தில் நிறுவ விடமாட்டார்கள். ஆய்வை முடிக்க அவளுக்கு மிச்சமிருப்பது ஒன்றரை வருடம்.

நஸீமா பட்டியலை மெதுவாக உருட்டினார்.

“போன தடவை அறுநூத்திப் பன்னெண்டு சோதனை இருந்துச்சே சார். இப்ப அறுநூத்திப் பதினொண்ணுதான் இருக்கு.”

“ஒண்ணே ஒண்ணு. தேறவே மாட்டேன்னு அடம் பிடிச்சுது. எடுத்துட்டேன்.”

நஸீமா டீயைக் குடித்து முடித்தார்.

“சரி சார். ஏத்திருதேன்.”

சிகாமணி இதை எதிர்பார்க்கவில்லை. ஒரு சண்டைக்குத் தயாராக வந்திருந்தார்.

“ஏத்துறதுக்கு முன்ன அந்தப் பிள்ளைக்கு ஒரு போன் போடுங்க. எந்தச் சோதனைய எடுத்தோம்னு மட்டும் சொல்லிருங்க.”

சிகாமணி சந்தோஷமாகவே போட்டார்.

“பிலோமினா, தொகுப்பு இன்னைக்கு உள்ள போயிரும்.”

“நெசமாவா சார்!” அறை முழுக்கக் கேட்டது அவள் குரல்.

“ஒரே ஒரு சோதனைய மட்டும் எடுத்திருக்கு.”

“எது சார்?”

சிகாமணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். “ஒரே வலைய கம்ப்யூட்டரோட ஒரு கோர்ல ஓட்டினாலும், நாலு கோருக்குப் பிரிச்சு ஓட்டினாலும், நியூரான் துடிக்கிற நேரம் மாறக் கூடாது.”

“மாறுதா சார்?”

“கொஞ்சம் மாறுது.”

“எங்க லேப்ல எல்லாமே நாலு கோர்தான்.” அவள் சற்று யோசித்தாள். “இருக்கட்டும் சார். தொகுத்தது நீங்க. நீங்க சரின்னா எனக்குச் சரிதான்.”

சிகாமணி கண்ணாடியைக் கழற்றினார். முப்பது வருடம் வகுப்பெடுத்தவருக்கு வெட்கமாக இருந்தது. உடம்பெல்லாம் வெட்கம்.

நஸீமா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரியில்லம்மா” என்றார் சிகாமணி. “இந்தத் தடவை வராது.”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு, “சரி சார்” என்று கேட்டது. போன் நின்றது.

சிகாமணி தான் நீக்கிய சோதனையைத் திரும்பச் சேர்த்தார். ஓட்டினார். சிவப்பு வந்தது. அந்தச் சிவப்பை அப்படியே இணைத்து, மென்பொருளை எழுதியவருக்கு என்ன ஓட்டினோம், எங்கே மாறியது என்று விவரமாகக் கடிதம் எழுதத் தொடங்கினார். எழுதி முடிக்கும்போது மணி ஐந்தேகால்.

“அந்தப் பிள்ள அழுதுட்டா மேடம்.”

நஸீமா தன் கணினியை இழுத்து, களஞ்சியத்தில் ஏற்ற அனுமதி உள்ளவர்களின் பட்டியலைத் திறந்தார். கடைசியில் ஒரு பெயரைத் தட்டிச் சேர்த்தார்.

“இனிமே எனக்கு அனுப்ப வேண்டாம் சார்” என்றார். “நீங்களே ஏத்துங்க.”