துணைவேந்தர் மிதித்த கல்

துணைவேந்தர் குலசேகரனின் பல்கலைக்கழகத்தில் பன்னிரண்டு கல்லூரிகள், எழுபத்துநான்கு துறைகள். மருத்துவம் உண்டு, சட்டம் உண்டு, கடலடி மண்ணைப் படிக்கக்கூட ஒரு துறை உண்டு. கல்வெட்டியலில் மட்டும் ஒரே ஒரு மாணவி.

"அதை இழுத்து மூடப்போகிறேன்" என்று பேராசிரியர்கள் கூட்டத்தில் உத்தரவைத் தூக்கிக் காட்டினார் அவர். "அந்தப் படிப்பால் என்ன பயன்? இப்போதே யாராவது காட்டினால் விட்டுவிடுகிறேன்."

பேராசிரியர்கள் டீயை உறிஞ்சினார்கள். டீ கொண்டுவந்த துப்புரவுப் பணியாளர் இசக்கியம்மாள்தான் பேசினாள்.

"ஐயா, நீங்க கார்ல இருந்து இறங்குற படிக்கல்லுல என்னமோ எழுதியிருக்கு. தெனமும் கூட்டுறேன், ஒண்ணும் புரியல. இத்தன படிச்சவங்க இருக்கீங்க, யாராச்சும் வாசிச்சுச் சொல்லுங்களேன்."

"இதென்ன பிரமாதம்!" என்று எல்லோரையும் வாசலுக்குக் கூட்டிவந்து, கல்லின்மேல் ஏறி நின்றார் துணைவேந்தர். நிலவியல்காரர் கல்லின் வயதைச் சொன்னார். தாவரவியல்காரர் அதிலிருந்த பாசியின் பெயரைச் சொன்னார். எழுத்து யாருக்கும் பிடிபடவில்லை.

கல்வெட்டியல் மாணவியைக் கூப்பிட ஆள் அனுப்பவே வேண்டியிருக்கவில்லை. தாளும் மையுமாகத் தூணருகே தயாராக நின்றிருந்தாள். துணைவேந்தரை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு, ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி, தூரிகையால் தட்டி, மை ஒற்றினாள். ஆயிரம் வருஷத்து எழுத்துகள் கறுப்புக்குள்ளிருந்து வெள்ளை வெள்ளையாக எழுந்து வந்தன. கூட்டம் குனிந்து பார்த்தது.

அவள் வாசித்தாள்: "இங்கே படிக்க வரும் பிள்ளைகளின் சோற்றுக்காக இந்த நிலத்தைக் கொடுத்தேன். இந்தத் தர்மத்தைக் காப்பவர் பாதம் என் தலைமேல்."

"நாலு வருஷமா ஐயா, அந்த நெலம் குடுத்தவரு தலைய மிதிச்சுத்தான் இறங்குறீங்க" என்றாள் இசக்கியம்மாள். "காப்பாத்துறவருன்னு நம்பித் தாங்கிட்டு இருந்திருக்காரு."

துணைவேந்தர் உத்தரவைக் கிழித்தார். அதற்கு முன் செருப்பைக் கழற்றியிருந்தார்.