மணல் மூட்டைப் பயணிகள்

கோணக்குளத்து மாசானத்துக்கும் அவன் கூட்டாளிகள் சுடலை, பேச்சிமுத்து இருவருக்கும் ரயில் சோதனைப் பாதையில் வேலை கிடைத்தது. அந்தப் பாதை எந்த ஊருக்கும் போகாது. பொட்டல்காட்டைப் பெரிய வட்டமாகச் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். புது வண்டிகளை அதில் ஓட்டிப் பார்ப்பார்கள். உலகத்தில் பல நாடுகளில் இப்படிப் பாதைகள் உண்டு. அங்கெல்லாம் மாசானம் இல்லை, அதனால் வேலை நடக்கிறது.

எஞ்சினியர் ஜெசிந்தா அம்மா மணல் மூட்டைகளைக் காட்டினார். "ஆளுங்க ஏறுன பாரத்தோட வண்டிய ஓட்டிப் பாக்கணும். சீட்டுக்கு ஒரு மூட்டை வைங்க. ஒவ்வொண்ணையும் ஒரு பயணின்னு நெனச்சுக்குங்க. வண்டி கிளம்புறதுக்கு முன்னாடி எல்லாரும் இறங்கிடணும்."

"கொஞ்சம் தள்ளி உக்காருங்கண்ணே" என்று சொல்லிச் சொல்லி மாசானம் மூட்டைகளை அடுக்கினான். ஒரு சாக்கு கிழிந்து மணல் ஒழுகியது. பேச்சிமுத்து முகம் சுளிக்காமல் அதைத் தூக்கிப்போய்க் கக்கூஸில் உட்காரவைத்தான்.

ஏற்றி முடித்ததும் மாசானத்துக்கு ஒரு சந்தேகம்.

"எல்லாரும்னா யாரு யாரு?"

"நாம மூணு பேருதான்" என்றான் சுடலை.

"அப்ப இவங்க?"

பேச்சிமுத்து வெகுநேரம் யோசித்தான். "பயணின்னு அந்தம்மாவே சொல்லிட்டாங்க. அப்ப இவங்களும் எல்லாருலதான் சேத்தி."

முதுகு ஒடிய அத்தனை மூட்டைகளையும் இறக்கினார்கள். சோதனைக்கு வந்திருந்த மேலதிகாரி பார்த்துக்கொண்டிருக்க, வண்டி காலியாகச் சுற்றி வந்தது.

ஜெசிந்தா அம்மா பல்லைக் கடித்துக்கொண்டார். "பயணியும் இல்ல, ஒண்ணும் இல்ல. அது வெறும் மணல். வெறும் மணலை ஏத்துங்க, போதும்."

வெறும் மணல் என்றால் சாக்கு எதற்கு? மூன்று பேரும் மூட்டைகளைப் பிரித்து, சீட்டு சீட்டாகக் கொட்டினார்கள். சாக்குகளை உதறி மடித்து அம்மாவிடம் பயபக்தியோடு நீட்டினான் மாசானம்.

அம்மா வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். "உங்களுக்கு இங்க வேலை இல்ல. ஊருக்குப் போய்ச் சேருங்க."

மாசானத்துக்குக் கண் கலங்கியது. சொன்னபடிதானே செய்தோம் என்று நொந்துகொண்டான். ஊருக்குப் போக அங்கே நின்ற வண்டி அது ஒன்றுதான். அம்மா மேலதிகாரிக்குப் பதில் சொல்லப் போன நேரத்தில், மூவரும் ஏறி மணல்மேல் உட்கார்ந்தார்கள். விவரம் தெரியாத டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார்.

வண்டி வட்டத்தைச் சுற்றி வந்து நின்றது. இறங்கினார்கள்.

"நம்ம ஊரு அடையாளமே தெரியலையே" என்றான் சுடலை.

எதிரே ஜெசிந்தா அம்மா வேகவேகமாக வந்துகொண்டிருந்தார். அவரைக் கண்டதும் மாசானத்துக்கு மனசு இளகிவிட்டது.

"சமாதானம் சொல்லவா இம்புட்டுத் தூரம் வந்தீங்க? சரிம்மா, அழுவாதீங்க. வீட்ல ஒரு வார்த்த சொல்லிட்டு, நாளைக்கே வேலைக்கு வந்துடுறோம்."