மருக்கொழுந்துக்குப் பின்னால் காளவாய்

முன்னொரு காலத்தில், எதிரிகள் எவரும் படையெடுத்து வராததால் கோபப்படுவதற்கு மன்னர்கள் வேறு காரணம் தேட வேண்டியிருந்த நாட்களில், கீர்த்திசேகரர் என்ற மகாராஜா ஒரு நாட்டை ஆண்டுவந்தார். அவர் அரண்மனைக்குப் பின்னால் பூந்தோட்டம் ஒன்று அமைத்தார். அதன் நடுவில் ஒரு கல்மேடை. "மேடை இருக்கும் இடத்தை விட்டு ஒரு விரற்கடைகூட நகரக் கூடாது. மகாராஜா அதில் கிழக்கு நோக்கியே அமர வேண்டும்" என்று அரண்மனைச் சோதிடர் சொல்லிவிட்டார்.

மகாராஜா முதல் முறை அதில் வந்து அமர்ந்தார். எதிரே முல்லைப் பந்தல், அல்லிக் குளம். அவற்றுக்கும் அப்பால், வேலியைத் தாண்டி, நேர் கிழக்கே ஒரு சுண்ணாம்புக் காளவாய்.

கிளிஞ்சலையும் கரியையும் மாற்றி மாற்றி அடுக்கித் தீ மூட்டிச் சுண்ணாம்பாக்கும் சூளைதான் காளவாய். யாரும் அதை அழகுக்காகக் கட்டுவதில்லை. இது புகை குடித்துக் கறுத்து, ஒரு பக்கம் வயிறு தள்ளி, உண்ட களைப்பில் படுத்த எருமையைப் போல இருந்தது. வீராயி என்பவளுக்குச் சொந்தமானது. அரண்மனை வெள்ளையாக இருப்பதும் மகாராஜாவின் வாய் வெற்றிலையில் சிவப்பதும் அந்தக் காளவாயின் தயவில்தான். சொல்லப்போனால் சுண்ணாம்பு பக்கத்தில் கிடைக்கும் என்றுதான் அரண்மனையையே அங்கே கட்டினார்கள். ஆனால் எது முதலில் வந்தது என்பதை மகாராஜாக்களுக்கு யாரும் நினைவூட்டுவதில்லை.

"இந்த அவலட்சணம் நம் கண்ணில் படக் கூடாது" என்றார் மகாராஜா.

"தோட்டத்தின் எல்லையில் மதில் எழுப்பிவிடலாம், மகாராஜா" என்றார் பிரதானி வில்வராயர். மதில் வேலை அவருடைய மைத்துனருக்குக் கிடைத்தது முழுக்க முழுக்கத் தற்செயல்.

மதில் எழுந்தது. காளவாய் மறைந்தது. கூடவே கிழக்கிலிருந்து வந்த காற்றும் நின்றது. மகாராஜாவுக்கு வியர்த்துக் கொட்டியது; கொசுக்கள் குடிபெயர்ந்து வந்தன. மேடையை நகர்த்தவும் வழியில்லை. ஆனால் உயர்த்தக் கூடாது என்று சோதிடர் சொல்லவில்லையே! மேடையை உயர்த்தினார்கள். காற்று வந்தது. மதிலுக்கு மேலாகக் காளவாயும் வந்தது. உடனே மதிலை உயர்த்தினார்கள். காற்று போனது. மறுபடி மேடை உயர்ந்தது. படிகள் ஏறிய மகாராஜாவுக்கு மூச்சு வாங்கியது. மேலே போய் நிமிர்ந்தால் எதிரே காளவாய்.

இதில் இன்னொரு விசேஷமும் இருந்தது. மதில் கட்டக் காரை வேண்டும். காரைக்குச் சுண்ணாம்பு வேண்டும். சுண்ணாம்புக்கு எங்கே போவது? அதே காளவாய்க்குத்தான். மதில் வளர வளர வீராயிக்கு வேலை கூடியது. அவள் பழைய காளவாய்க்குப் பக்கத்திலேயே இன்னொன்றைக் கட்டிவிட்டாள். அதையும் சேர்த்து மறைக்க மதிலை நீட்ட வேண்டியதாயிற்று.

"மதிலை இன்னும் கொஞ்சம் உயர்த்தினால் சரியாகிவிடும், மகாராஜா" என்று பிரதானி சபையில் சொன்னபோது, அவை விகடன் ஏகாம்பரம் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான்.

"என்ன சிரிப்பு?" என்றார் மகாராஜா.

"ஒன்றுமில்லை, மகாராஜா. காளவாயை மறைக்க மதில், மதிலுக்காகக் காளவாய் என்று தங்கள் ஆட்சியில் தொழில் இப்படிக் கொழிக்கிறதே என்ற மகிழ்ச்சிதான்."

பிரதானிக்கு முகம் சிவந்தது. இந்த நாளுக்காகத்தான் அவரும் காத்திருந்தார். "மகாராஜா! விகடருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. நாளை மாலைக்குள் அவரே காளவாயை மறைக்கட்டும். மதில் எழுப்பக் கூடாது. காற்று தடைபடக் கூடாது. காளவாயைத் தொடவும் கூடாது. முடியாவிட்டால் காளவாயை இடித்துத் தள்ளுவோம். விகடரும் தலையில் சுண்ணாம்புக் கூடையோடு நாட்டை விட்டுப் போகட்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் மகாராஜா. மேலும் ஒரு படி ஏறுவதைவிட அது சுலபமாகத் தோன்றியது.

சேதி கேட்ட வீராயி, ஏகாம்பரத்தின் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டாள். "ஏன் சாமி, சிரிச்சது நீங்க, இடிபடறது என் காளவாயா? எங்க வீட்டுல அத்தனை பேருக்கும் கஞ்சி ஊத்தறது அதுதானே! அந்த வாயைக் கொஞ்சம் மூடிக்கிட்டு இருந்தா என்ன கொறைஞ்சு போயிருக்கும்?"

"கோபப்படாதே வீராயி. உன் வீட்டில் நல்ல மருக்கொழுந்துச் செடி இருக்கிறதாமே? தொட்டியோடு கொடுப்பாயா?"

"நான் வயித்தெரிச்சல்ல நிக்கறேன், உங்களுக்குப் பூ கேக்குதா!" என்று திட்டிக்கொண்டே போனாள். ஆனாலும் கொடுத்தனுப்பினாள்.

மறுநாள் மாலை, மகாராஜா அந்த உயரமான மேடையில் அமர்ந்திருந்தார். சபையோர் கீழே கூடியிருந்தார்கள். ஏகாம்பரம் ஒரு தொட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு படியேறினான். அடர்ந்து தழைத்த மருக்கொழுந்து, ஒரு முழ உயரம் இருக்கும்.

"இவ்வளவு பெரிய காளவாயை இந்தச் செடியா மறைக்கும்?" என்று பிரதானி சிரித்தார். அவரோடு சேர்ந்து சிரிப்பது வழக்கம் என்பதால் மற்றவர்களும் சிரித்தார்கள்.

ஏகாம்பரம் மேடையின் கைப்பிடிச் சுவரில், மகாராஜாவின் முகத்துக்கு நேரே, கைக்கெட்டும் தூரத்தில் தொட்டியை வைத்தான். "காளவாய் தெரிகிறதா, மகாராஜா?"

"வலப்பக்கம் கொஞ்சம் தெரிகிறது."

தொட்டியை நகர்த்தினான். "இப்போது?"

"இன்னும் சற்று... ம், போதும்." மகாராஜா இமைகளைக் கொட்டினார். "அடடே! இரண்டையுமே காணோம்!"

இதில் மாயம் ஏதுமில்லை. உங்கள் கட்டைவிரலை ஒரு கண்ணுக்கு முன்னால் பிடித்து, மற்றதை மூடிக்கொண்டு நிலாவைப் பாருங்கள். நிலா போய்விடும். விரல் பெரிது என்பதாலா? இல்லை, பக்கத்தில் இருக்கிறது என்பதால். திரை கண்ணை விட்டுத் தள்ளிப் போகப் போக அது பெரிதாக வேண்டும். கண்ணை நெருங்க நெருங்கச் சிறிதாக இருந்தாலே போதும். பிரதானி திரையைக் காளவாயின் பக்கத்தில் கட்டினார். அதனால் அது காளவாய் அளவுக்கு வேண்டியிருந்தது. ஏகாம்பரம் அதை மகாராஜாவின் பக்கத்தில் வைத்தான். காற்றோ செடியைச் சுற்றிக்கொண்டும் இலைகளை அளைந்துகொண்டும், போதாக்குறைக்கு மணத்தோடும் வந்தது.

பிரதானி படியேறி வந்து மகாராஜாவுக்கு ஓரமாக நின்றார். "மோசடி! எனக்கு முழுவதும் தெரிகிறதே!"

"மகாராஜாவின் கண்ணுக்கு மறைக்கத்தானே உத்தரவு, பிரதானியாரே? தங்கள் கண்ணுக்கும் மறைக்க வேண்டுமானால் மகாராஜாவிடம் தனியாக விண்ணப்பம் செய்யுங்கள்."

"மகாராஜா கொஞ்சம் சாய்ந்து பார்த்தால் தெரிந்துவிடுமே!"

"என்ன சொன்னீர்கள்?" ஏகாம்பரம் காதில் கை வைத்துக்கொண்டான். "நம் மகாராஜா கழுத்தை நீட்டிச் சுண்ணாம்புக் காளவாயை எட்டிப் பார்ப்பார் என்கிறீர்களா? அதையும் சபைக்கு நடுவிலேயே சொல்கிறீர்களா?"

பிரதானி அவசரமாக இரண்டு படி கீழே இறங்கினார். சபை முழுவதும் தரையைப் பார்த்தது.

மறைத்து வைத்ததைப் பார்க்காமல் இருப்பது யாருக்கும் கடினம். மகாராஜாவுக்குக் கேட்கவே வேண்டாம். அவர் மெல்ல, மிக மெல்ல, இடப்பக்கம் சாய்ந்தார். காளவாய் தன் இடத்திலேயே சுகமாகப் புகைந்துகொண்டிருந்தது. சட்டென்று நிமிர்ந்து இருமினார்.

"கழுத்துப் பிடித்துக்கொண்டதா, மகாராஜா?" என்று ஏகாம்பரம் பணிவோடு கேட்டான்.

மகாராஜாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்து ஏகாம்பரத்துக்குப் போர்த்தினார். மதிலை இடிக்கவும், மேடையைப் பழைய உயரத்துக்கே இறக்கவும் உத்தரவிட்டார். இடித்த கல்லையெல்லாம் வீராயியிடமே கொடுக்கச் சொன்னார். அவள் அதில் மூன்றாவது காளவாய் கட்டிக்கொண்டாள். மருக்கொழுந்து எல்லாவற்றையும் சேர்த்தே மறைத்தது.

ஒரே ஒரு கவலைதான் மிச்சம். செடி வாடினால் காளவாய் தெரிந்துவிடும். எனவே தினமும் மாலையில் அதற்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பை, இத்தனை காலம் இவ்விஷயத்தில் அக்கறை காட்டிவந்த பிரதானியிடமே மகாராஜா ஒப்படைத்தார்.

ஆகவே அந்த அரண்மனையில் வீராயியின் காளவாய்களை நாள்தோறும், ஓரமாக நின்று, கையில் செம்போடு, முழுமையாகக் கண்டுகளிக்கும் பாக்கியம் வில்வராயர் ஒருவருக்கே வாய்த்தது.